ஜப்பானில் பதினொரு இரவுகள்: எங்கே செலவழிக்கலாம், எங்கே வேண்டாம்

ஏஜென்ட் எங்களுக்கு முதலில் கொடுத்த பயணத் திட்டத்தில் ஒன்பது நாளில் ஏழு ஊர் இருந்தது. எல்லா ஊரிலும் ஐந்து நட்சத்திர ஓட்டல், வாசலில் கார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் காலையில் பெட்டி கட்டுவதும் மாலையில் பெட்டி பிரிப்பதும்தான் மிச்சம். அதை ஓரமாக வைத்துவிட்டு நானும் மனைவியும் உட்கார்ந்து நாங்களே ஒரு திட்டம் போட்டோம். நான்கே ஊர், பதினொரு இரவு. காசு அதே காசுதான், கொஞ்சம் குறைந்திருந்தால்கூட ஆச்சரியமில்லை. அந்தத் திட்டத்தைத்தான், போய் வந்த பிறகு செய்த திருத்தங்களோடு, இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: ஜப்பானில் சாதாரண ஓட்டலே பளிச்சென்று இருக்கும், சாதாரண ரயிலே சொன்ன நிமிடத்துக்கு வரும். அதனால் எல்லாவற்றிலும் மேல்தட்டு வேண்டும் என்று கிளம்பினால் பாதிப் பணம் வீண். மூன்று இடத்தில் மட்டும் கையைத் தாராளமாக விடுங்கள்: ரியோகான் எனப்படும் பாரம்பரிய ஜப்பானிய விடுதியில், அதிலும் நல்ல ஒன்றில் இரண்டு இரவு, ஒரு நாளுக்கு நல்ல வழிகாட்டி, அவசரமில்லாத காலைகள்.

எப்போது போவது

செர்ரிப் பூ காலம் டோக்கியோவிலும் கியோத்தோவிலும் மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை. பூ ஒரு வாரம், பத்து நாள்தான் தாங்கும். அதை நம்பி ஆறு மாதம் முன்பே தேதி குறிப்பது சூதாட்டம், அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். எனக்குக் கேட்டால் நவம்பர். கியோத்தோவில் மேப்பிள் இலை நவம்பர் நடுவில் சிவக்கத் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை நிற்கும். குளிர் இருக்கும், ஆனால் ஒரு கம்பளிச் சட்டைக்கு அடங்கும். ஃபுஜி மலை தெளிவாகத் தெரிய வேண்டும், கூட்டமும் வேண்டாம் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரையான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். நாடே வண்டி ஏறும் நாட்கள் அவை. ஜூனிலிருந்து ஜூலை நடுவரை மழை.

பாதை

டோக்கியோ மூன்று இரவு, கனசாவா இரண்டு, கியோத்தோ நான்கு, ஹகோனே இரண்டு. பிறகு திரும்ப டோக்கியோ வந்து விமானம். பலரும் வெந்நீர் ஊற்று ஊரான ஹகோனேயை டோக்கியோவுக்கு அடுத்ததாக வைப்பார்கள். நாங்கள் வேண்டுமென்றே கடைசியில் வைத்தோம். கால் வலிக்க நடந்து முடித்த உடம்புக்குத்தான் வெந்நீர் ஊற்றின் அருமை தெரியும்.

செலவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு யென் என்பது அறுபது காசுக்குக் கொஞ்சம் முன்பின். டோக்கியோவிலும் கியோத்தோவிலும் நல்ல சொகுசு அறைக்கு இரவுக்கு ஒரு லட்சம் யென் வைத்துக்கொள்ளுங்கள். கனசாவாவில் அறுபதாயிரம் போதும். ரியோகான் மட்டும் அறைக்கு இல்லை, தலைக்குக் கணக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்கு ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் யென் வரை. தங்கும் செலவு மட்டும் இரண்டு பேருக்குச் சுமார் பதினொரு லட்சம் யென் வரும், நம் பணத்தில் ஆறரை லட்சம். ரயிலுக்கு இரண்டு பேருக்கும் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கியோத்தோவில் இன்னொன்று: 2026 மார்ச்சிலிருந்து தங்கும் வரியை ஏற்றிவிட்டார்கள். தலைக்கு இரவு வாடகை ஒரு லட்சம் யென்னைத் தொட்டால் வரி மட்டும் பத்தாயிரம் யென், ஒவ்வொரு இரவுக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே அறை பார்ப்பது புத்திசாலித்தனம்.

எதை எப்போது பதிவு செய்வது

ரியோகானை ஆறு மாதம் முன்பே பிடியுங்கள். நல்ல ரியோகான்களில் அறைகளே குறைவு, ஓட்டல் மாதிரி கடைசி நேரத்தில் கிடைக்காது. விமானத்துக்கு முன்னால் ரியோகான் தேதியை உறுதி செய்துகொண்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

கியோத்தோவின் கத்சுரா அரண்மனைத் தோட்டத்துக்கு அரண்மனை நிர்வாகத்தின் இணையதளத்தில் மூன்று மாதம் முன்பே பதிவு திறக்கும். கட்டணம் ஆயிரம் யென்தான். பாசிக் கோயில் எனப்படும் சாய்ஹோஜிக்கும் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு டிக்கெட் பொதுவாகப் பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்குத் திறக்கும்.

ஏழு நாள் ரயில் பாஸ் பற்றிப் பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஏமாறாதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. இந்தப் பாதைக்குத் தனித்தனி டிக்கெட்டே சரி.

விசா: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு மின்விசா வந்துவிட்டது. அதை விமான நிலையத்தில் போனில், இணையத்தில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் அச்சிட்ட தாளும் செல்லாது. இறங்கியதும் போனில் இணையம் இருக்கும்படி இ-சிம் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு நீண்ட எச்சரிக்கை

மனைவி சைவம். முதல் நாள் இரவு ஓர் உணவகத்தில் ‘வெஜிடேரியன்’ என்று சொன்னோம், தலையாட்டினார்கள். டோஃபு வந்தது, கத்தரிக்காய் வந்தது, மிசோ சூப் வந்தது. சூப்பை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தாள். கருவாட்டு வாசம்.

அவர்கள் ஏமாற்றவில்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளமே தாஷி என்ற சாறு. பெரும்பாலும் கத்ஸுவோ என்ற மீனைக் காயவைத்து, புகையிட்டு, மரத்தூள் போலச் சீவி, வெந்நீரில் போட்டு இறக்குவது. நம் ஊரில் தாளிப்பு எப்படியோ அப்படி அது எல்லாவற்றிலும் இருக்கும்: சூப்பில், சோபா நூடுல்ஸின் சாற்றில், டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில், வேகவைத்த காயில். தட்டில் மீன் துண்டு இல்லாவிட்டால் அது அவர்களுக்குக் காய்கறிச் சாப்பாடுதான்.

ஆகவே ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை மறந்துவிட்டு, என்னென்ன வேண்டாம் என்று பட்டியலிடுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், கடலுணவு வேண்டாம், மீன் தாஷி வேண்டாம், கொம்பு தாஷி சரி. கொம்பு என்பது கடற்பாசி, அதிலும் தாஷி இறக்குவார்கள், ருசியும் நன்றாக இருக்கும். முட்டை, பால் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஜப்பானிய மொழியில் ஓர் அட்டையில் அச்சிட்டுப் பர்ஸில் வையுங்கள். ஓட்டல் வரவேற்பில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

ரியோகானுக்கோ பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். பன்னிரண்டு பதார்த்தங்களுக்கு இரண்டு நாள் முன்பே கணக்குப் போட்டுச் சாமான் வாங்கும் சமையலறை அது. போய் இறங்கி ‘நாங்கள் சைவம்’ என்றால் அவர்களுக்குத்தான் சங்கடம். சில ரியோகான்கள் முடியாது என்று நேராகவே பதில் எழுதும். அது நல்லதுதான், வேறு இடம் பார்க்கலாம்.

கோயில் சமையலான ஷோஜின் ரியோரி நம் ஆட்களுக்கு வரப்பிரசாதம். மீன் தாஷி கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. கியோத்தோவின் பெரிய கோயில்களை ஒட்டி இதற்கென்றே உணவகங்கள் இருக்கின்றன. எள்ளை அரைத்துக் குட்ஸு என்ற கிழங்கின் மாவோடு கிளறிச் செய்யும் எள் டோஃபுவை விட்டுவிடாதீர்கள். நாக்கில் வைத்தால் கரைந்துபோகும்.

டோக்கியோ: அதிகம் அலைய வேண்டாம்

நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். முதல் நாள் காலை உடம்பு எழவே எழாது. மெய்ஜி ஆலயத்தின் மரங்களுக்கு நடுவே நடை, மதியம் அவோயாமாவில் நெசு அருங்காட்சியகமும் அதன் பின்புறத் தோட்டமும், அவ்வளவு போதும். இரண்டாம் நாள் கபுகி-ஸா நாடக அரங்கில் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கலாம். நான்கு மணி நேர நாடகத்துக்கு உட்காரத் தேவையில்லை. ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் போனால் ரியோகோக்குவில் சுமோ போட்டி நடக்கும். மெத்தை போட்ட சதுரப் பெட்டி இருக்கைகள் உண்டு, ஆனால் நாலு பேருக்கான பெட்டியில் நம் ஆள் நாலு பேர் மடங்கி உட்காருவது கஷ்டம்.

பேர்பெற்ற சுஷி கடைகளில் எட்டு பத்து இருக்கைதான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து நேரடியாகப் பதிவு கிடைப்பது அரிது. பெரிய ஓட்டலில் தங்குவதற்கு ஒரே உருப்படியான காரணம் இதுதான்: அங்கேயுள்ள உதவியாளர் உங்களுக்காகப் பேசி வாங்கித் தருவார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் போங்கள், சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள்.

பெட்டியை அனுப்பிவிட்டுக் கைவீசி நடங்கள்

டோக்கியோவிலிருந்து கிளம்புகிற காலை, பெரிய பெட்டிகளை ஓட்டல் வரவேற்பில் கொடுத்து, நேராகக் கியோத்தோ ஓட்டலுக்குத் தக்யூபின் என்ற கூரியரில் அனுப்பிவிடுங்கள். பெட்டிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் யென் ஆகும். மறுநாள் அங்கே போய் உங்களுக்காகக் காத்திருக்கும். கனசாவாவின் இரண்டு இரவுக்கு ஒரு தோள்பை போதும். பதினொரு நாளில் நாங்கள் செய்த செலவுகளில் இதைப் போல மலிவான சொகுசு வேறு இல்லை.

கனசாவாவுக்கு ஹொக்குரிகு ஷின்கான்சென்னில் இரண்டரை மணி நேரம். அதில் கிரான் கிளாஸ் என்று ஒரு பெட்டி உண்டு, மொத்தமே 18 இருக்கை. ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம், அதுவும் ஆசைக்கு. மற்ற ரயில்களில் கிரீன் கார் எனப்படும் முதல் வகுப்பே தாராளம்.

கனசாவா: தங்கமும் கயிறும்

ஜப்பானின் தங்கத் தாள் கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஊரில்தான் தயாராகிறது. ஐஸ்கிரீம் மேல் தங்கத் தாள் ஒட்டிக் கொடுப்பார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும், ருசி ஒன்றும் கிடையாது. அதற்குப் பதில் ஒரு பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சின்னப் பெட்டி ஒன்றில் நீங்களே தாள் ஒட்டிப் பாருங்கள். மூச்சு விட்டால் பறந்துவிடும். மனைவி ஒட்டியது அழகாக வந்தது, நான் ஒட்டியதை யாருக்கும் காட்டவில்லை.

கென்ரோக்குவென் தோட்டத்துக்கு அதிகாலையில் போங்கள். திறப்பு நேரத்துக்கு முன்னால் கட்டணமில்லாமல் உள்ளே விடுகிறார்கள். நவம்பர் 1 முதல் இங்கே ஒரு வேலை தொடங்கும். பைன் மரத்தின் நடுவில் உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இறக்கிக் கட்டுவார்கள். இந்தப் பக்கத்துப் பனி ஈரமும் கனமுமானது, கிளை ஒடிந்துவிடாமல் தாங்கத்தான் இந்த ஏற்பாடு. கூம்பு கூம்பாகக் கயிறு விரிந்து நிற்பது குளத்து நீரில் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு தோட்டக்காரர் கம்பத்தின் மேலிருந்து கயிற்றை வீச, கீழே இருந்தவர் பிடித்து, கிளையைக் கையால் எடை பார்ப்பது போல ஒரு தரம் தூக்கிவிட்டு முடிச்சுப் போட்டார். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாலையில் 1820இல் உருவான ஹிகாஷி சாயா என்ற தேநீர் இல்லத் தெரு. கடைகள் அடைத்த பிறகு, விளக்கு ஏற்றும் நேரம்தான் அழகு.

கியோத்தோ: காலை ஆறு மணி ஊர்

கனசாவாவிலிருந்து சுருகா வரை ஷின்கான்சென், அங்கே இறங்கிக் கீழ்த்தளத்தில் தண்டர்பேர்ட் ரயில். 2024 மார்ச்சிலிருந்து இப்படித்தான் மாற வேண்டும். அம்பு போட்டுக் காட்டியிருப்பார்கள், குழப்பம் இல்லை.

கியோத்தோவில் பத்து மணிக்கு மேல் எங்கே போனாலும் திருவிழாக் கூட்டம். ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாசல் வரிசை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கும். இரண்டையும் இரண்டு காலைகளில் முடித்துவிட்டு எட்டரைக்கு ஓட்டல் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுங்கள். டாக்சிக்குக் கொஞ்சம் செலவாகும், ஆகட்டும்.

வழிகாட்டிக்கு ஒரு நாள் ஒதுக்கச் சொன்னேன் இல்லையா, அந்த நாள் இங்கேதான். அரசு உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பு வழிகாட்டியாகக் கேட்டு வாங்குங்கள். சஞ்சூசங்கென்-தோ கோயிலுக்கு அவரோடு போங்கள். 1266இல் மறுபடி கட்டிய மண்டபம், 120 மீட்டர் நீளம், உள்ளே கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1001 சிலைகள் வரிசை வரிசையாக. முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள். அவற்றில் இந்திரன் இருக்கிறார், பிரம்மா இருக்கிறார், அலகும் சிறகுமாக ஒரு கருடன் புல்லாங்குழல் வாசிக்கிறார். பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. கும்பிட்டுப் பழகிய கண்ணுக்கு யார் யார் என்று ஏறக்குறைய பிடிபட்டுவிடும். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

கத்சுரா தோட்டத்தில் ஒரு மணி நேரம், முன்னால் வழிகாட்டி, பின்னால் காவலர், வரிசையை விட்டு விலக முடியாது. இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே நுழைந்ததும் குளம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு சின்ன பைன் மரத்தை நட்டு வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். ஒரேயடியாகக் காட்டிவிட மனமில்லை. பாதை வளைய வளைய, குளம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும்.

நாரா முக்கால் மணி நேரத் தொலைவு, அரை நாள் போதும். தோதாய்-ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீல நூலைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பற்றிக்கொண்டார்களாம். அந்த நூல் இன்னும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது.

கியோத்தோவின் கியோன் பகுதியில் ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களை (இங்கே கெய்கோ என்பார்கள்) தெருவில் துரத்திப் படம் எடுப்பவர்களால் ஊர்க்காரர்கள் நொந்துபோய், 2024இலிருந்து தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாக்காரர்கள் நுழையத் தடை போட்டிருக்கிறார்கள். மீறினால் பத்தாயிரம் யென். பார்க்க ஆசையென்றால் முறையாகப் பாருங்கள்: தேநீர் இல்லங்கள் அறிமுகமில்லாதவரை ஏற்பதில்லை, ஆனால் நல்ல ஓட்டல் உங்களுக்காகப் பொறுப்பேற்று ஒரு மாலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்யும். விலை அதிகம்தான்.

ஹகோனே: ரியோகான் இரவுகள்

கியோத்தோவிலிருந்து ஓடவாரா வரை ஷின்கான்சென். நொசோமி ரயில் அங்கே நிற்காது, நிற்கிற ஹிகாரி ரயிலைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஃபுஜி மலை தெரியும் பக்கம் கிரீன் காரில் டி இருக்கை, சாதாரணப் பெட்டியில் இ இருக்கை. ஷின்-ஃபுஜி நிலையத்தை ஒட்டி வரும், சில நிமிடம்தான், தூங்கிவிடாதீர்கள். மேகம் மூடியிருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஹகோனே-யுமோட்டோவிலிருந்து கோரா வரை மலை ரயில் மூன்று இடத்தில் திசை மாற்றி, முன்னும் பின்னுமாக ஏறும். ஒவ்வொரு தடவையும் ஓட்டுநரும் கண்டக்டரும் பிளாட்ஃபாரத்தில் நடந்து இடம் மாறுவார்கள்.

ரியோகானுக்கு மூன்று மணிக்கே போய்விடுங்கள். பலரும் ஊரைச் சுற்றிவிட்டு ஏழு மணிக்குப் போய் நிற்கிறார்கள். ஆறு, ஆறரைக்கு இரவுச் சாப்பாடு, தாமதித்தால் பாதிப் பணம் போனது மாதிரி. அறை எடுக்கும்போது சொந்தத் திறந்தவெளிக் குளியல் தொட்டி உள்ள அறையாகக் கேளுங்கள். நம்மவர்களுக்குப் பொதுக் குளியலில் ஒட்டுத்துணி இல்லாமல் இறங்குவது முதல் நாளே வராது. தொட்டி உள்ள அறை கிடைக்காவிட்டால், ஒரு மணி நேரம் குடும்பத்துக்கு மட்டும் ஒதுக்கித் தரும் தனிக் குளியலறை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றினோம், திரும்பிப் பார்ப்பதற்குள் அதை எடுத்து வைத்துவிட்டார்கள். எங்கள் அறைக்குப் பொறுப்பான பெண்மணி, இவர்களை நகாய் என்பார்கள், அறுபது வயது இருக்கும். கதவருகே மண்டியிட்டு, முதலில் ஒரு கையகலம் மட்டும் தள்ளி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு முழுதும் திறந்தார். பச்சைத் தேநீர், ஓர் இனிப்பு. ததாமி பாயின் வாசம் வைக்கோல் போர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. யுகாத்தா என்ற அங்கியை அணியும்போது இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். நான் மாற்றிக் கட்டியிருந்தேன். அவர் சிரிக்காமல் தானே அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டார். வலது மேலே வருவது பிணத்துக்காம்.

குளியலுக்கு முறை உண்டு. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிக்கொண்டு பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். சின்னத் துண்டு தண்ணீரில் படக் கூடாது, தலைமேல் வைத்துக்கொள்ளலாம். பச்சை குத்தியிருந்தால் முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை: பல ரியோகான்களில் ஆண் குளியலையும் பெண் குளியலையும் இரவுக்கும் காலைக்கும் இடையில் மாற்றிவிடுவார்கள். நேற்று போன கதவு என்று தூக்கக் கலக்கத்தில் நுழைந்தால் வம்புதான். வாசலில் தொங்கும் துணியைப் பாருங்கள். பெரும்பாலும் நீலம் ஆண், சிவப்பு பெண்.

இரவுச் சாப்பாடு கைசெகி. இரண்டு மணி நேரம், ஒவ்வொரு தட்டாக வரும். எனக்கு வந்த ஒரு தட்டில் காய்ந்த மேப்பிள் இலை மேல் முள்ளோடு ஒரு கஷ்கொட்டை. எப்படி உரிப்பது என்று முழித்தேன். நகாய் வாயில் போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினார். முள் என்று நான் நினைத்தது சேமியா மாதிரி மெல்லிய நூடுல்ஸைக் குட்டையாக நறுக்கி ஒட்டிப் பொரித்தது. இரண்டு இரவு தங்கினால் இரண்டாம் நாள் பதார்த்தங்கள் மாறுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். நல்ல இடங்களில் மாற்றுவார்கள்.

டிப்ஸ் ஜப்பானில் பழக்கமில்லை, சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும். ரியோகானில் மட்டும் நகாய்க்கு ஆயிரம் முதல் மூவாயிரம் யென்னைச் சின்னக் கவரில் போட்டு, வந்தவுடன் கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. கட்டாயமில்லை. சில இடங்களில் வாங்க மறுப்பார்கள், வற்புறுத்த வேண்டாம்.

நடுவில் கிடைக்கும் ஒரு பகலுக்குத் திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகம் போதும், பிக்காசோவுக்கென்றே தனிக் கட்டடம் வைத்திருக்கிறார்கள். ஆஷி ஏரிக்குப் போவதானால் காலையில் போங்கள், ஃபுஜி தெரிய வாய்ப்பு அப்போதுதான் அதிகம். மதியத்துக்குள் ரியோகான் திரும்பி இன்னொரு குளியல்.

கடைசி நாள் காலை பத்து, பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளைக் கியோத்தோவிலிருந்தே விமான நிலையத்துக்கு அனுப்பியிருந்தால் கையில் தோள்பை மட்டும்தான். ஹகோனே-யுமோட்டோவிலிருந்து டோக்கியோவின் ஷின்ஜுக்குவுக்கு ரொமான்ஸ்கார் என்ற ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஜி.எஸ்.இ. வகை வண்டியில் ஓட்டுநர் மாடியில் உட்கார்ந்து ஓட்டுவார், அவருக்குக் கீழே முன்கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசை பயணிகளுக்கு. அந்த நாலு இருக்கைக்கு ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்கே போட்டி. எங்களுக்கு மூன்றாம் வரிசைதான் கிடைத்தது.